வேலை என்ற சொல்லே இல்லாத பண்ணை

பிரான்ஸின் நடுவே எங்கள் க்ரூஸ் பக்கம் பாரீஸ்காரர்கள் வந்து பண்ணை வைப்பது புதிதல்ல. வருவார்கள், இரண்டு குளிர்காலம் பார்ப்பார்கள், மூன்றாவதுக்கு முன்னால் மூட்டை கட்டிவிடுவார்கள். தாங்க்ரேத் மட்டும் நான்காவது வருடமும் தாக்குப்பிடித்தான். ரகசியம் ஒன்றுமில்லை. அவன் வேலை செய்வதில்லை.

விளம்பரக் கம்பெனியில் இருந்தவன். என் மேய்ச்சல் நிலத்தை ஒட்டி இடம் வாங்கி முப்பது வெள்ளாடுகளும் இரண்டு கழுதைகளும் சேர்த்துக்கொண்டான். கூட மனைவி அப்போலீன். அவள் பேசி நான் அதிகம் கேட்டதில்லை. அவன் இடம் கொடுத்தால்தானே. மாதம் தவறாமல் இணையத்தில் ஓர் அழைப்பு விடுவான். படுக்கையும் சாப்பாடும் இலவசம், மிருகங்களோடு வாழ வாருங்கள் என்று. நகரத்திலிருந்து ஆட்கள் வரிசையாக வந்து பால் கறந்தார்கள், புழுக்கை அள்ளினார்கள், வேலி கட்டினார்கள். அதை வேலை என்று யாரும் சொல்லிவிடக் கூடாது. 'பகிர்வு' என்று சொல்ல வேண்டும்.

அப்படித்தான் போன ஜூன் மாதம் சில்வியான் வந்து சேர்ந்தாள். ஐம்பத்திரண்டு வயது. லீல் நகரத்தில் பஸ் ஓட்டுகிறவள். இருபத்தாறு வருடம் ஓட்டிய பிறகு ஒரு நாள் நடுச்சாலையில் பஸ்ஸை நிறுத்திவிட்டு, இறங்கி நடந்து வீட்டுக்குப் போய்விட்டாளாம். டாக்டர் இரண்டு மாதம் லீவு எழுதிக்கொடுத்து, எங்காவது அமைதியான இடத்துக்குப் போகச் சொன்னார்.

மறுநாள் காலை நான் வேலிக்கு இந்தப் பக்கம் நின்றிருந்தேன். தாங்க்ரேத் அவளுக்கு ஆடுகளை அறிமுகப்படுத்திக்கொண்டிருந்தான்.

"இங்க நாங்க ஆட்டை ஓட்டுறதில்ல, சில்வியான். கேட்போம். வரணும்னு அதுங்களுக்குத் தோணினா வரும்."

"தோணலேன்னா?"

"காத்திருப்போம்."

"அரை மணி நேரமா கேட்டுக்கிட்டிருக்கேன், தம்பி. ஒண்ணும் அசையல."

அவன் புன்னகையோடு தியானம் செய்யப் போய்விட்டான். அவன் தலை மறைந்ததும் சில்வியான் இடுப்பில் கை வைத்துக்கொண்டு ஒரு குரல் விட்டாள். "உள்ள போ! வாசல்ல நிக்காத, உள்ள போ!" முப்பது ஆடுகளும் வரிசையாகக் கொட்டகைக்குள் நுழைந்தன. என் மாடுகள்கூட இரண்டடி நகர்ந்ததைப் பார்த்தேன்.

பதினைந்து நாளில் பண்ணை அவள் கைக்கு வந்துவிட்டது. கூட வந்திருந்த இரண்டு டச்சு மாணவர்கள் நான்காம் நாளே ஓடிப்போயிருந்ததால் அவர்கள் பங்கும் அவள் தலையில்தான். சாப்பாடு தினமும் பருப்பு. இரவுச் சாப்பாட்டுக்கு வேலி தாண்டி என் வீட்டுக்கு வந்துவிடுவாள். நான் பொரித்த பன்றி இறைச்சியைத் தட்டில் வைத்தால் நிமிர மாட்டாள்.

"ஏன் அங்க கிடந்து சாகுற? கிளம்பிப் போயேன்," என்றேன் ஒரு நாள்.

"ஆடுங்க என்ன பண்ணும் ரேமோன்? அவன் கேட்டுக்கிட்டே நிப்பான்."

ஜூலை நடுவில்தான் வினை வந்தது. முதல்நாள் மழை பெய்திருந்தது. தமக்கு என்ன வேண்டும் என்று மிருகங்களுக்கே தெரியும் என்று சொல்லி, தாங்க்ரேத் விடிந்ததும் படலைத் திறந்துவிட்டிருக்கிறான். ஆடுகள் அத்தனையும் என் குதிரைமசால் தீவனப் பயிரில் இறங்கிவிட்டன. அதை ஈரத்தோடு மேய்ந்தால் ஆட்டுக்கு வயிறு உப்பிவிடும். சில்வியான் வந்து என் கதவை இடித்தபோது மூன்று ஆடுகளுக்கு வயிறு முரசு மாதிரி ஊதியிருந்தது. நான் எண்ணெயும் குழாயும் எடுத்துக்கொண்டு ஓடினேன். அவளும் அப்போலீனும் ஆடுகளை முட்டிக்காலால் அணைத்துப் பிடித்து வயிற்றைத் தேய்த்தார்கள். இரண்டு பிழைத்தன. ஒன்று சில்வியான் மடியிலேயே போய்விட்டது.

தாங்க்ரேத் அதற்கு அஞ்சலிக் கூட்டம் வைத்தான். ஓக் மரத்தடியில் புதைக்கலாம் என்றான்.

"சட்டம் அப்படி இல்லப்பா," என்றேன். "ஆடு செத்தா லாரி வந்து எடுத்துட்டுப் போகணும்."

அவன் காதில் வாங்கவில்லை. செத்த ஆட்டைக் காட்டி, இவள் நமக்கு மரணத்தைக் கற்றுத் தந்தாள் என்று தொடங்கி இருபது நிமிடம் பேசினான். நான் லாரிக்குச் சொல்லிவிட்டிருந்ததால், 'வாழ்வின் வட்டம்' பற்றிய பேச்சு பாதி வந்தபோது ஓட்டுநர் ஹாரன் அடித்தான். "சீக்கிரம் ஐயா, எடுக்க இன்னும் ஒரு மாடும் நாலு பன்னியும் இருக்கு!"

சில்வியான் சிரிக்கவில்லை. செத்த ஆட்டின் காதைக் கடைசியாக ஒரு தரம் தடவிவிட்டு லாரியில் ஏற்ற உதவினாள். அன்றிரவு என் வீட்டில் அவள் எதுவும் சாப்பிடவில்லை.

அவள் லீவு முடிந்த நாளில்தான் தாங்க்ரேத் 'திறந்த பண்ணை விழா' வைத்தான். நாற்பது பேர் வந்திருந்தார்கள். ஆறு மணி பஸ்ஸுக்குப் புறப்பட்டு, பெட்டியோடு சில்வியான் கொட்டகை வாசலில் நின்றாள். கறக்கும் நேரமான ஐந்து மணி தாண்டிவிட்டது. மடி கனத்து ஆடுகள் கத்தத் தொடங்கின. தாங்க்ரேத்தின் விழாப் பேச்சு யாருக்கும் கேட்கவில்லை.

"சில்வியான், இந்த ஒரு சாயங்காலம் மட்டும் பகிர்ந்துக்கறீங்களா?" என்றான் குழைந்து.

"நான் புறப்பட்டாச்சு தம்பி. உங்க ஆடுங்கதானே, நீங்க கறங்க."

"நாளான்னிக்குப் புது விருந்தாளிங்க வர்றாங்க..."

"நாளான்னிக்கு வரைக்கும் பாலை மடியில வெச்சுக்கச் சொல்லிக் கேட்டுப் பாருங்களேன்!"

நாற்பது பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வேறு வழியில்லாமல் அவன் முக்காலியில் உட்கார்ந்தான். நாலு வருடத்தில் முதல்முறை. காம்பைப் பிடித்து இழுத்தான், அழைப்பு மணிக் கயிற்றை இழுக்கிற மாதிரி. ஆடு ஓர் உதை விட்டது. வாளி ஒரு பக்கம், அவன் ஒரு பக்கம், வெள்ளைச் சட்டை முழுக்கப் புழுக்கை.

முதலில் சிரித்தது அப்போலீன். கண்ணில் நீர் வரச் சிரித்துவிட்டு, முக்காலியை நிமிர்த்திப் போட்டு உட்கார்ந்து சரசரவென்று கறந்தாள். தினமும் விடியற்காலை, அவன் தியானத்தில் இருக்கும்போது, சில்வியானிடம் கற்றுக்கொண்டாளாம். "அடுத்த ஆட்டை விடு," என்றாள் அவனிடம். அவன் விட்டான்.

சில்வியானுக்கு பஸ் போய்விட்டது. நான்தான் ரயிலடி வரை கொண்டுபோய் விட்டேன். இறங்கும்போது, "திங்கக்கிழமை மறுபடி பஸ்ல ஏத்தணும் அந்த ஜனத்தை. சொன்னதும் உள்ள போறதுக்கு அதுங்க ஆடு இல்ல பாரு," என்றாள்.

அக்டோபரில் தாங்க்ரேத் பாரீஸுக்குத் திரும்பிப் போனான். இப்போது கம்பெனி மேலாளர்களுக்கு, ஆட்டு மந்தையிடமிருந்து தலைமைப் பண்பைக் கற்பது எப்படி என்று வகுப்பு எடுக்கிறான். கூட்டம் அலைமோதுகிறதாம்.

அப்போலீன் போகவில்லை. வசந்தத்தில் வாசலில் ஒரு பலகை மாட்டினாள்: 'வேலைக்கு ஆள் தேவை. சம்பளம் உண்டு.' சும்மா உழைக்க வரிசையில் நின்ற நகரத்துக்காரர்கள் ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. ஏழு வாரம் கழித்துப் பக்கத்து ஊர்க்காரி ஒருத்தி சைக்கிளில் வந்து இறங்கினாள். ஆடுகளின் மனசைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. மதியம் எத்தனை மணிக்குச் சாப்பாட்டுக்கு விடுவீர்கள் என்று மட்டும் கேட்டாள். அப்போலீன் அந்த நிமிடமே அவளைச் சேர்த்துக்கொண்டாள்.