பத்துக் கண்ணாடிக் கூடு

"கண்ணு எங்கேடி? இவ்வளவு காசைக் கொட்டி வாங்கிட்டு வந்திருக்கியே, இதுக்குக் கண்ணு எங்கே?"

அம்மாவின் குரல் இரண்டாம் மாடி ஜன்னல் வழியாக இறங்கி, சைக்கிள் கொட்டகையைத் தாண்டி, எதிர்க் கட்டடத்தின் மூன்றாம் மாடிவரை ஏறியது. அங்கே டிவி சத்தத்தைக் குறைத்தார்கள். கீழே துணி உலர்த்திக்கொண்டிருந்தவர்கள் உலர்ந்த துணியையே மறுபடி உதறினார்கள்.

"லென்ஸ் தனியாம்மா. தனியாத்தான் வாங்கணும்."

"அப்போ இது என்னவாம்?"

"கேமராவோட பாடி."

"நடு வீட்டுல பாடியக் கொண்டாந்து வச்சுட்டு எவ்வளவு நிதானமாச் சொல்றா பாரு!"

தம்பி குறுக்கே புகுந்தான். "லென்ஸ் என்ன விலைக்கா?"

"மூணு கூடு."

"அந்த மூணு கூடு எங்கே?"

அவள் மேஜையைப் பார்த்தாள். மேஜைமேல் பத்து மூக்குக்கண்ணாடிக் கூடுகள் வாயைப் பிளந்துகொண்டு வரிசையாகக் கிடந்தன. பத்தும் காலி.

கூடு கணக்கு புரியவேண்டுமானால் அவள் கதை கொஞ்சம் தெரியவேண்டும். கடைவீதிக் கண்ணாடிக் கடையில் பத்து வருஷமாக உட்கார்ந்திருப்பவள் அவள்தான். எங்கள் பக்கத்தில் அவளுக்குக் கண்ணாடிக்காரி என்றே பெயர். சம்பளம் சுமார், வாய் பிரமாதம். மூக்கில் எதை மாட்டினாலும் 'இது உங்களுக்குன்னே செஞ்ச மாதிரி இருக்கு' என்று அவள் சொன்னால், வந்தவர் பையில் இருக்கிற அத்தனையையும் ஃப்ரேமுக்கே கொடுத்துவிட்டு, 'கண்ணாடி ஏதோ இருக்கறதைப் போடுங்க' என்பார். சாயங்காலம் வீட்டுக்கு வந்து அதை நடித்துக் காட்டிச் சிரிப்பாள். "பாக்கப்போறது ஃப்ரேமாம்மா? லென்ஸ்தானே பாக்கப்போகுது! அதுக்குக் காசு வைக்கத் தெரியலை பாரு!" அம்மாவும் சேர்ந்து சிரிப்பாள், ஒரு காது உடைந்து பிளாஸ்திரி சுற்றிய தன் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டே. கண்ணாடிக்காரியைப் பெற்றவளுக்கு அந்தக் கண்ணாடி. இதை நாம் சொன்னால் பொல்லாப்பு.

அவளுக்குப் படம் எடுக்கும் பித்து எப்போது பிடித்தது என்று சரியாகத் தெரியவில்லை. மூன்று வருஷமாகச் சேர்க்கிறாள் என்பது மட்டும் தெரியும். வங்கியில் போட்டால் எடுக்கத் தோன்றும் என்று, கடையில் மிஞ்சின பத்துக் கண்ணாடிக் கூடுகளைக் கொண்டுவந்து மேலே மார்க்கரால் எழுதிவைத்தாள். நாலு கூட்டில் 'கேமரா'. மூன்றில் 'லென்ஸ்'. ஒன்றில் 'மைக்'. ஒன்றில் 'ஸ்டாண்டு, லைட்டு'. கடைசியில் 'பேட்டரி, கார்டு, பை'. இந்தக் கடைசிக் கூட்டை நிரப்பியது தம்பி. இன்ஷூரன்ஸ் ஆபீசில் கிளெய்ம் சரிபார்க்கிறவன். அதனால் மற்ற ஒன்பது கூட்டைப் பற்றியும் அபிப்பிராயம் சொல்லும் உரிமை தனக்கு உண்டு என்று நினைத்தான்.

கூடுகள் நிரம்பின நேரத்தில் வேலையும் தேடி வந்தது. கார் ஓட்டச் சொல்லித்தரும் டிரைவிங் மாஸ்டர் தன் பள்ளிக்கு ஐந்து பாடப் படங்கள் எடுக்கவேண்டும் என்றார். முதல் படம் வருகிற ஞாயிற்றுக்கிழமை. பிடித்திருந்தால் மற்ற நாலும் அவளுக்கே. "நான் பேசறது ஒவ்வொரு வார்த்தையும் கேக்கணும்மா, அவ்வளவுதான்" என்றார். அவர் பேசினால் நாலு தெருவுக்குக் கேட்கும், கேமராவுக்குக் கேட்காதா என்று அவளும் ஒப்புக்கொண்டு, அவர் கொடுத்த முன்பணத்தை 'ஸ்டாண்டு, லைட்டு' கூட்டில் சேர்த்தாள். அதோடு நின்றாளா? அதே கையோடு போய்க் கண்ணாடிக் கடை முதலாளியிடம் 'இந்த மாசத்தோட நின்னுக்கறேன்' என்று சொல்லிவிட்டு வந்தாள். முதலாளி ஒரு வார்த்தை தடுக்கவில்லை. அவருடைய அண்ணன் மகள் படிப்பு முடித்துச் சும்மா இருந்தாள். நாற்காலி காலியாகும் முன்பே ஆள் ரெடி.

ஆக, ஞாயிற்றுக்கிழமைக்குள் படம் எடுக்கத் தயாராகாவிட்டால் பழைய நாற்காலியும் இல்லை, புதிய தொழிலும் இல்லை.

செவ்வாய்க்கிழமை விடுமுறை. பத்துக் கூட்டையும் துணிப்பையில் போட்டுக்கொண்டு கேமரா கடைக்குப் போனாள். அங்கே கழுத்துப்பட்டை கட்டின விற்பனையாளன் ஒருவன். அவள் கேட்ட கேமராவை எடுத்து வைத்தான். பக்கத்தில், கேட்காத ஒன்றையும் எடுத்து வைத்தான்.

"சும்மா கையில பிடிச்சுப் பாருங்க மேடம். வாங்கணும்னு இல்லை."

பிடித்தாள்.

"உங்க கைக்குன்னே செஞ்ச மாதிரி இருக்கு."

இந்த வசனத்தைப் பத்து வருஷமாகச் சொன்னவள் அவள். ஆனால் யாரும் அவளிடம் சொன்னதில்லையே! கேட்க எவ்வளவு சுகமாக இருக்கிறது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. முதல் நாலு கூடு திறந்தது. பிறகு லென்ஸ் கூடுகள் டப், டப், டப். 'மைக்' கூட்டின்மேல் கொஞ்சம் கை தயங்கியது.

"லென்ஸ் எல்லாம் அப்புறம் மெல்ல மாத்திக்கலாம் மேடம். பாடி ஒருதடவை வாங்கறது."

டப். டப். தம்பியின் கூடும் டப்.

அதன் பிறகுதான் வீட்டில் அந்தச் சத்தம்.

"லென்ஸை வாடகைக்கு எடு" என்றான் தம்பி.

"முன்பணம் கேப்பான். என்கிட்ட பஸ்ஸுக்குத்தான் இருக்கு."

"மாஸ்டர் கொடுத்த முன்பணம்?"

அவள் 'ஸ்டாண்டு, லைட்டு' கூட்டை மெல்ல மூடினாள். அதுதான் பதில்.

மறுநாள் காலை கடைக்குப் போனவள், கண் சோதிக்கும்போது ஒவ்வொன்றாக மாட்டிப் பார்ப்பார்களே, அந்த வட்டக் கண்ணாடிகள் அடுக்கின பழைய பெட்டியைச் சாயங்காலம் வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு வந்தாள். வேறு எவளுக்கும் இந்த யோசனை வராது. இருக்கிறதிலேயே பெரிய பவரை எடுத்து, சமையலறையில் பாலிதீன் தாள் சுற்றி வந்த அட்டைக் குழாயை வெட்டி, அதன் முனையில் ஒட்டி, கேமராவின் ஓட்டைக்கு எதிரே பிடித்தாள். முன்னே நகர்த்தினாள், பின்னே நகர்த்தினாள்.

திரையில் அம்மா தெரிந்தாள்!

ஓரமெல்லாம் கரைந்து, நடுவில் மட்டும் முகம். சுருக்கம் ஒன்றுகூட இல்லை.

"நான் நல்லாத்தானே இருக்கேன்" என்றாள் அம்மா. "இதுக்கு எதுக்குடி மூணு கூடு லென்ஸு? இதையே வச்சுக்கோ."

"கை ஆடினா நீ மறைஞ்சு போயிடறேம்மா. மாஸ்டர் கார் ஓட்டணும். குழாயை நான் பிடிச்சுக்கிட்டே பின்னாடி ஓடவா?"

அந்த நேரம் பார்த்துத் தம்பி பில்லின் பின்பக்கத்தைப் படித்தான். பொடி எழுத்தைப் படிக்கத்தானே அவனுக்குச் சம்பளம். "அக்கா, இங்க பாரு. 'மூன்று நாட்களுக்குள், உபயோகிக்காத பட்சத்தில், அதே விலைக்கு வேறு பொருள் மாற்றித் தரப்படும்.'"

"எப்போ படிச்சே இதை?"

"இப்பத்தான்."

"அட்டையை வெட்டறதுக்கு முன்னாடி படிச்சிருக்கக் கூடாதா?"

கேமராவை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தாள். உள்ளே, நடுநாயகமாக, ஓர் அட்டைத் துகள் உட்கார்ந்திருந்தது. ஊதினால் உள்ளே போகும் என்று பயம். தொட்டால் கீறல் விழும் என்று அதைவிடப் பயம்.

வியாழக்கிழமை சாப்பாட்டு நேரத்தில் கேமரா கடைக்குப் போனாள். அதே கழுத்துப்பட்டை.

"மாத்தணும். அன்னைக்கு முதல்ல எடுத்து வச்சீங்களே, அந்தச் சின்னது. ஒரு லென்ஸ், மைக், ஸ்டாண்டு. அவ்வளவும் இதுக்குப் பதிலா."

அவன் முகம் விழுந்தது. பெரிய கேமராவுக்குத்தான் கமிஷன் பெரிசு. "உபயோகிச்சீங்களா மேடம்?"

"லென்ஸ் இல்லாம எப்படிங்க உபயோகிக்கறது?"

பதில் பொய் இல்லை என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டாள். அவன் மூடியைக் கழற்றி உள்ளே பார்த்தான். தள்ளிப் பிடித்தான். கிட்டே கொண்டுவந்தான். மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினான், இறக்கினான்.

"சுத்தமா இருக்கு" என்றான்.

வாயை மூடிக்கொண்டு பொருளை வாங்கிக்கொண்டு வரவேண்டியதுதானே? வேறு யாராயிருந்தாலும் வந்திருப்பார்கள். ஆனால் பத்து வருஷத் தொழில் கேட்குமா? எதிரே ஒருவன் கண்ணாடியை ஏற்றி இறக்கினால் அவளுக்குக் கை பரபரக்கும்.

"உங்க கண்ணாடி பவர் தப்பு."

"என்னது?"

"கிட்டத்துல ஒண்ணும் தெரியலை உங்களுக்கு. கழட்டுங்க." கழற்றினான். கையில் வாங்கினதும் அவளுக்குத் தெரிந்துவிட்டது. முகம் மறந்தாலும் ஃப்ரேம் மறக்காது அவளுக்கு. தேன் நிறம், காதில் மெல்லிய உலோகக் கோடு. போன வருஷம் அவள் கையாலேயே விற்றது. "இதை எங்கே வாங்கினீங்க?"

"கடைவீதியில. ஒரு பொண்ணு நல்லாப் பேசி ஏமாத்திடுச்சு. எனக்குன்னே செஞ்ச மாதிரி இருக்காம். இருந்த காசெல்லாம் ஃப்ரேமுக்கே போச்சு. கண்ணாடி பழைய பவரையே போடுங்கன்னுட்டேன்." தேய்த்துக்கொண்டான் கண்ணை. "போன மாசம் விலைச்சீட்டுல ஒரு சைபரைப் பாக்காம வித்துட்டேன். சம்பளத்துல பிடிச்சுட்டாங்க."

"அந்தப் பொண்ணு நான்தான்."

கண்ணாடி இல்லாததால் குனிந்து, மேஜைமேல் பாதி ஏறிப் பார்த்தான். "அட, ஆமா! 'அப்புறம் மெல்ல மாத்திக்கலாம் சார்'னு சொன்னது நீங்கதானே?"

"நீங்களும் அதையேதானே சொன்னீங்க முந்தாநாள்."

கொஞ்ச நேரம் இரண்டு பேரும் ஒருவரையொருவர் திட்டுவதற்கு வார்த்தை தேடினார்கள். எந்த வார்த்தையை எடுத்தாலும் அது தனக்கும் பொருந்தியது. அப்புறம் அவன்தான் கேட்டான்.

"அப்போ உள்ளே தூசி இருக்கா, இல்லையா? நிஜத்தைச் சொல்லுங்க."

"இருக்கு."

"எதால?"

"பாலிதீன் சுத்தி வந்த அட்டை."

அவன் கண்ணை மூடிக்கொண்டான். பிறகு மேஜையின் கீழிருந்து ரப்பர் காற்றுப் பந்தை எடுத்து அவளிடமே நீட்டினான். "எனக்குத் தெரியாது. நீங்களே பாத்து ஊதுங்க." ஊதினாள். துகள் பறந்தது. ஒரு கீறல் இல்லை.

அதற்குக் கைம்மாறாக அவளிடம் இருந்தது ஒன்றே ஒன்று. கண்ணாடிக் கடை ஊழியருக்கு வருஷத்துக்கு ஒரு ஜோடி லென்ஸ் இலவசம். இந்த வருஷ ஜோடியை அம்மாவுக்கு என்று சொல்லி வைத்திருந்தாள். அன்று சாயங்காலமே அவனைக் கடைக்கு வரச்சொல்லி, பவர் சோதித்து, அந்த ஜோடியை அவன் ஃப்ரேமில் மாட்டிவிட்டாள். முதலாளியின் அண்ணன் மகள் பக்கத்தில் நின்று வேலை பழகினாள். 'ஆடாம உக்காருங்க' என்று அவள் அவனை அதட்டினதைக் கண்ணாடிக்காரி அப்போது பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

வீட்டில் மறுபடி ஒரு சத்தம். "பெத்தவ சுவரைத் தடவிக்கிட்டு நடக்கணும்! எவனோ ஒருத்தனுக்குப் பார்வை!" அன்றைக்கு எதிர்வீட்டில் டிவியை அணைத்தே விட்டார்கள்.

"ஞாயித்துக்கிழமை முடியட்டும்மா. மாஸ்டர்கிட்ட மிச்சப் பணம் வந்ததும் முதல் வேலை உனக்குத்தான்."

"வந்தாப் பாக்கலாம்."

ஞாயிற்றுக்கிழமையும் சுலபமாக முடியவில்லை. மாற்றி வாங்கினதில் எல்லாம் வந்தது. கூடுதல் பேட்டரிக்கு மட்டும் எட்டவில்லை. மணி பதினொன்றுக்குக் கேமரா கண்ணை மூடிவிட்டது. நல்லவேளை, சுற்றிலும் பள்ளிக் கார்கள். ஒரு காரின் எஞ்சினை ஓடவிட்டு, அதிலே சார்ஜரைச் செருகி, பேட்டரி ஏறும்வரை மாஸ்டரை உட்கார வைத்து, அதுவரை எடுத்ததைக் ஹெட்போனை மாட்டிவிட்டுக் காட்டினாள்.

மாஸ்டர் கேட்டார். கேட்கக் கேட்க முகம் மாறியது.

"யாரும்மா இது கத்தறது?"

"நீங்கதான் சார்."

"நான் இப்படியா பேசறேன்? 'பிரேக், பிரேக், பிரேக்'னு? கத்துக்க வந்த பொண்ணு ஏன் அழுதுச்சுன்னு இப்பத்தானே தெரியுது!" ஹெட்போனைக் கழற்றி அவளிடம் நீட்டினார். "முதல்லேருந்து எடும்மா. மெதுவாப் பேசறேன்."

மெதுவாகப் பேசினார். சட்டையில் குத்தின சின்ன மைக்கில் ஒவ்வொரு எழுத்தும் விழுந்தது. சாயங்காலம் மிச்சப் பணத்தோடு அடுத்த நாலு படத்துக்கும் தேதி கொடுத்தார்.

சொன்ன சொல் தவறாமல், மறுநாளே அம்மாவைக் கடைக்குக் கூட்டிப்போனாள். அம்மா அரைமணி நேரம் கண்ணாடி முன்னால் திரும்பித் திரும்பிப் பார்த்து, கடையிலேயே விலை கூடின ஃப்ரேமைத் தேர்ந்தெடுத்து மூக்கில் மாட்டிக்கொண்டு, "எனக்குன்னே செஞ்ச மாதிரி இல்லை?" என்றாள். "கண்ணாடி ஏதோ இருக்கறதைப் போடச் சொல்லுடி."

மகள் ஃப்ரேம், நல்ல லென்ஸ் இரண்டுக்கும் பணத்தை எண்ணி வைத்தாள்.

நாங்கள் எல்லோரும், மறைப்பானேன், அந்தக் கழுத்துப்பட்டைக்கும் இவளுக்கும்தான் முடிச்சு விழும் என்று நினைத்தோம். எதிர்வீட்டில் தேதிகூடக் குறித்துவிட்டார்கள். விழுந்ததோ அவனுக்கும் முதலாளியின் அண்ணன் மகளுக்கும். தெளிவாகத் தெரியும் கண்ணை வைத்துக்கொண்டு மாதத்துக்கு நாலு முறை பவர் சோதிக்கப் போனான் என்றால் நமக்குத்தான் முதலிலேயே புரிந்திருக்க வேண்டும். கல்யாணப் படம் எடுத்தது கண்ணாடிக்காரி. தள்ளுபடி கேட்டானாம். "அப்புறம் மெல்லப் பாத்துக்கலாம் சார்" என்றாளாம்.

தம்பி ஆபீசில் கூட வேலை பார்த்த பெண்ணைக் கட்டிக்கொண்டு ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் குடிபோனான். கல்யாணப் பத்திரிகையின் பின்பக்கத்தில்கூடப் பொடி எழுத்தில் ஏதோ போட்டிருந்ததாகச் சொல்கிறார்கள். கண்ணாடிக்காரியும் அம்மாவும் போன வருஷம் பெரிய ஊருக்கு மாறிவிட்டார்கள். அங்கே ஒரு அறை முழுக்கக் கேமராவும் விளக்குமாம். சாமான் வண்டியில் ஏறும்போது பார்த்தோம், பத்துக் கண்ணாடிக் கூடும் தனியாக ஒரு பையில். மேலே எழுதியிருந்த பெயர்களை அழித்துவிட்டு ஏதோ புதிதாக எழுதியிருந்தாள். படிப்பதற்குள் வண்டி கிளம்பிவிட்டது.

இரண்டாம் மாடியில் இப்போது ஒரு புருஷன் பெண்டாட்டி. நல்ல மாதிரி, மரியாதையானவர்கள். வந்து ஏழு மாதம் ஆகிறது. ஒருநாள்கூடக் குரல் உயர்த்தவில்லை. எதிர்வீட்டில் புது டிவி வாங்கிவிட்டார்கள்.