பத்தியம் முறியாமல்

மதலேனா புருசன் ஸ்ரீபனின் வயிற்றில் காதை வைத்துக் கிடந்தாள். குடல் இரைகிற சத்தம் கேட்டால் மருந்து பிடித்துவிட்டது என்று வைத்தியர் சொல்லியிருந்தார். வாசலில் நின்ற மகள் ஸ்ரெல்லாவுக்கு, மூச்சு விடாதே என்பதுபோலக் கையைக் காட்டினாள். வயிறோ பலகையாய் இறுகி ஊதிப்போயிருந்தது. அதற்குள் என்ன கேட்கும்? ஆனால் அந்த மனுசி கேட்காமல் எழும்பமாட்டாள்.

நாயாற்றுக் களப்பில் வலை இழுக்கப்போன ஸ்ரீபனின் காலில் திருக்கை முள் ஏறியது. கடற்காரனுக்கு முள் குத்துவது ஒரு புதினமா? சுடுதண்ணீர் ஊற்றிவிட்டு மறுநாளும் களப்பில் இறங்கினார். கால் அழுகியது. நஞ்சு இரத்தத்தில் கலந்து குடலையும் நிறுத்திப்போட்டது என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். அதற்குப் போடுகிற ஊசிமருந்து வவுனியாவோடு மறிபட்டுக் கிடந்தது. நாசமாய்ப்போன யுத்தகாலத் தடை. அங்கே சும்மா படுக்கவைத்துப் பார்த்துக்கொண்டிருக்க மனமில்லாமல் மதலேனா அவரை வண்டிலில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டாள்.

தண்ணீரூற்று ஊரின் நாட்டுவைத்தியர் தில்லைநாதன் கடுக்காயும் வேர்க்கொம்பும் சீந்திலும் கட்டித் தந்தார். சீனத்திலிருந்து கப்பலில் வருகிற ஒரு கிழங்குதான் இதற்கு முக்கியமாம். தகரப் பேணியின் அடியில் கிடந்த கடைசித் துண்டை இடித்துப் போட்டார். மீன், புளி, உறைப்பு ஒன்றும் ஆகாது என்றார். அன்று தொடங்கி அந்த வீட்டில் மீன் சட்டி அடுப்பேறவில்லை. மணம் பட்டால் அவருக்கு ஆசை வரும் என்று மதலேனா பக்கத்து வீட்டுக்காரியோடும் சண்டை பிடித்தாள்.

நேற்று ஸ்ரெல்லா அடுத்த மருந்து வாங்கச் சைக்கிளில் போனாள். வைத்தியர் வயிற்றைப் பற்றியும் வாந்தியின் நிறத்தைப் பற்றியும் விசாரித்தார். மருந்துச் சரை கட்டவில்லை.

"இனிப் பத்தியம் வேண்டாம், பிள்ளை. கேக்கிறதைக் குடுங்கோ. அம்மாட்டச் சொல்லு."

அந்தப் பக்கத்தில் வைத்தியரின் வாயிலிருந்து இந்தச் சொல் வந்தால் அதற்கு அர்த்தம் ஒன்றுதான். சாகப்போகிறவருக்குத்தான் அப்படிச் சொல்வார்கள். ஸ்ரெல்லா வழியெல்லாம் அழுதாள். வாசலில் தாயின் முகத்தைப் பார்த்ததும் பழைய சக்கையையே இன்னொருதரம் அவிக்கட்டாம் என்று சொல்லிவிட்டாள்.

இன்று மத்தியானம் ஸ்ரீபன் கண் திறந்தார்.

"மதலேனா, ஒரு வாய் மீன்சொதி தா. மீன் வேண்டாம். தண்ணி காணும்."

"குடிச்ச மருந்தெல்லாம் வீணாப்போகுமப்பா. வயிறு இரையட்டும். நானே சட்டி நிறையக் காய்ச்சித் தாறன்."

சொல்லிவிட்டு அவள் மகளைத் திரும்பிப் பார்த்தாள். அவரும் பார்த்தார். இப்போது உண்மையைச் சொன்னால் அப்பாவுக்குச் சொதி கிடைக்கும். ஆனால் அம்மாவுக்கு அவர் இந்த நிமிசமே செத்துவிடுவார். ஸ்ரெல்லா வாயைத் திறந்தாள். ஒன்றும் வரவில்லை. மதலேனா கசாயக் கரண்டியை நீட்டினாள். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். இரண்டாம் முறை கேட்கவில்லை. பொழுதுபட முன்னம் போய்விட்டார்.

மறுநாள் வைத்தியர் செத்தவீட்டுக்கு வந்தார். ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்த மதலேனா எழும்பி அவரிடம் போனாள்.

"ஒருநாளும் பத்தியம் முறிக்கேல்லை, ஐயா. கடைசியாயும் கேட்டவர். நான் குடுக்கேல்லை."

வைத்தியர் ஸ்ரெல்லாவைப் பார்த்தார். சொல்லப்போகிறார் என்று அவள் நினைத்தாள். சொல்லிவிட்டால் நல்லது என்றும் இருந்தது. அவர் சால்வையால் முகத்தைத் துடைத்தார்.

"வடிவாய்ப் பாத்தனீங்கள், அம்மா."

மதலேனா மகளின் கையைப் பிடித்து முன்னுக்கு இழுத்தாள்.

"நான் தனிய இல்லை, ஐயா. அவர் கேட்டதுக்கு வேண்டாமெண்டு சொன்னாலும் எனக்கு மனம் இளகினது. இவளைத் திரும்பிப் பாத்தன். இவள் ஒரு சொல்லும் சொல்லேல்லை. அதாலதான் நானும் குடுக்கேல்லை."

பெண்கள் ஒதுங்கி, சவப்பெட்டியின் தலைமாட்டில் ஸ்ரெல்லாவுக்கு இடம் விட்டார்கள். அவள் போய் இருந்தாள். தாயும் பிடித்த கையை விடாமல் பக்கத்தில் இருந்தாள்.