நான்காவது வரிசையின் காலிக் கட்டம்

தவறு என்னுடையதுதான். அதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். கடைசியில் எழுதினால் சாக்குப்போக்கு மாதிரி தெரியும்.

போக்குவரத்துத் துறையின் தலைமை அலுவலகத்தில் நான் வரைவாளர். சாலையோ பாலமோ வரைவதில்லை. யார் யாருக்குக் கீழே என்று வரைகிறேன். புதிய இயக்குநர் பொறுப்பேற்ற மறுநாளே, துறை மொத்தமும் ஒரே பார்வையில் தெரிகிற மாதிரி தன் நாற்காலிக்கு எதிர்ச்சுவரில் ஒரு படம் வேண்டும் என்றார். அலுவலகத்தில் மாலை வகுப்பில் நிர்வாகவியல் படிப்பவள் நான் ஒருத்திதான் என்பதால் வேலை என் தலையில் விழுந்தது. வகுப்பில் அப்போது இரண்டு பாடங்கள்தான் முடிந்திருந்தன. அதைச் சொல்லலாமா வேண்டாமா என்று நான் யோசித்து முடிப்பதற்குள் சார்ட் தாள் வந்து சேர்ந்துவிட்டது.

மூன்று வாரம் வரைந்தேன். அதிகாரிகள் தினமும் வந்து பார்த்தார்கள். சிலர் சொந்த ஸ்கேலோடு வந்தார்கள். பேருந்துப் பிரிவின் தலைவர், தன் கட்டம் உரிமப் பிரிவின் கட்டத்தைவிட அரை சென்டிமீட்டர் சிறியது என்று கண்டுபிடித்தார்.

"முப்பது வருஷ சர்வீஸ்மா. அரை சென்டிமீட்டர் கொறைஞ்சா வீட்ல எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு சாப்பிட உக்கார்றது?"

கூட்டிக் கொடுத்தேன். உடனே உரிமப் பிரிவின் தலைவர் வந்தார். இப்படியே போயிருந்தால் சுவரை இடித்துப் பெரிதாக்க வேண்டியிருக்கும்.

கடைசி நாள் இயக்குநர் தள்ளி நின்று பார்த்தார். நான்கு பிரிவுகள், நான்கு வரிசைகள். முதல் மூன்று வரிசைகளில் ஏழு ஏழு கட்டங்கள். நான்காவதான பணியாளர் பிரிவில் மட்டும் ஆறு.

"வலது ஓரத்துல ஏன் பல்லு விழுந்த மாதிரி இருக்கு?"

பென்சிலால் ஏழாவது கட்டம் ஒன்றைப் போட்டேன். காலியாக இருந்தால் அசிங்கமாக இருக்குமே என்று 'துணை இயக்குநர் (இணைப்பு)' என்று எழுதினேன். அப்படி ஒரு பதவி எங்கள் துறையில் கிடையாது. பிறகு கேட்டு அழித்துவிடலாம் என்றுதான் இருந்தேன்.

"இப்பதான் வாய் நெறைஞ்ச மாதிரி இருக்கு" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டுவிட்டார்.

மறுநாளிலிருந்து தபால் பிரிவு அந்தப் படத்தைப் பார்த்துத்தான் கோப்புகளை அனுப்பியது. எங்கள் வழிமுறை அப்படி: காகிதம் கீழ்க்கட்டத்தில் ஏறி, ஒரு கட்டமும் விடாமல் தொட்டுத்தொட்டு மேலே போகவேண்டும். இணைப்புத் துணை இயக்குநருக்கும் கோப்புகள் போயின. கோப்பு வைக்க மேசை வேண்டும். மேசைக்கு அறை வேண்டும். அறைக்கு ஒரு பியூன் வேண்டும். அழைப்பு மணியின் ஓசையை வைத்தே அதிகாரியின் கோபத்தை அளந்துவிடுவதால் 'பெல் அண்ணன்' என்று பெயர் வாங்கிய மூத்த பியூனை அங்கே போட்டார்கள்.

"இருபத்தெட்டு வருஷத்துல இப்படி ஒரு தங்கமான ஆபீசர பாத்ததில்லம்மா" என்றார் அவர், காலி நாற்காலியைத் துடைத்தபடி. "டீ ஆறிப்போச்சுன்னு ஒரு நாள் கத்தினதில்ல. லீவு இல்ல. பொண்டாட்டி ஊருக்கு போயிட்டா மூஞ்சிய தூக்கி வச்சுக்கறதில்ல."

மாதாந்திரக் கூட்டத்தில் இயக்குநர், புகாரே வராத ஒரே அதிகாரி என்று இணைப்புத் துணை இயக்குநரைப் பாராட்டினார். "எங்கே, ஆளைக் காணோம்?" என்று கேட்டபோது யாரோ, "களப்பணிக்கு போயிருக்கார் சார்" என்றார்கள். எல்லோரும் தலையாட்டினார்கள். நானும்தான்.

இது இப்படியே போயிருந்தால் வாயை மூடிக்கொண்டிருந்திருப்பேன். அக்காவின் காகிதம் வந்தது.

அக்கா எங்கள் துறையிலேயே பேருந்து நடத்துநர். ஆறு மணி நேரப் பயணத்தில் இருக்கிற கடைசிப் பணிமனையில் போட்டிருந்தார்கள். அங்கேயே ஓய்வறையில் தங்கி, ஞாயிறு மட்டும் வீட்டுக்கு வருவாள். பத்து மாதக் கைக்குழந்தையை, வீட்டிலேயே தையல் வேலை செய்யும் அத்தான் பார்த்துக்கொண்டார். நானும் அவர்களோடுதான் இருக்கிறேன். குழந்தை தையல் மிஷினின் சத்தம் கேட்டால்தான் தூங்கும். இப்போது மிஷின் காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து நிற்கக் கற்றுக்கொண்டுவிட்டது.

வீட்டுக்குப் பக்கத்துப் பணிமனைக்கு மாற்றம் கேட்டு அக்கா எழுதிக் கொடுத்து இரண்டரை மாதம் ஆகியிருந்தது. அந்த ஞாயிறு குழந்தையை வாரி எடுத்தாள். அது அவள் சீருடைப் பொத்தானை ஒரு தரம் பார்த்துவிட்டு, அத்தானிடம் தாவியது.

"பாத்தியாடி, டிக்கெட் வாங்காத பயணி மாதிரி எறங்கி ஓடுது" என்று சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றது. "இது நடக்க ஆரம்பிக்கறதுக்குள்ள நான் வந்து சேரணும். அவ்வளவுதான் எனக்கு. உங்க ஆபீஸ்ல என் பேப்பர் எங்கதான் தூங்குது?"

திங்கட்கிழமை தேடினேன். ஆறு கட்டங்களைச் சுறுசுறுப்பாகத் தாண்டி, ஏழாவதாக இணைப்புத் துணை இயக்குநரின் மேசையில் இருந்தது. பெல் அண்ணன் தூசு படாமல் துணி போர்த்தி வைத்திருந்தார்.

அக்காவுக்குத் தொலைபேசியில் உண்மையைச் சொன்னேன்.

"ஏண்டி, ரோட்டுல இருக்கற குழியெல்லாம் பத்தாதுன்னு எனக்குன்னு ஒண்ணு தனியா வெட்டினியா?" என்றாள்.

அன்று மதியமே இயக்குநர் முன் போய் நின்றேன். சொல்ல வேண்டியதை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போயிருந்தேன். அதையும் இரண்டு தடவை தப்பாகப் படித்தேன். அவர் படத்தையே பார்த்தபடி கேட்டார்.

"அப்ப அப்படி ஒரு ஆளே கிடையாது?"

"கிடையாது சார். அழிச்சிடலாம் சார்."

"அழிச்சா மறுபடி பல்லு விழுந்துடுமே. அமைச்சகத்துக்கு நகல் வேற போயிடுச்சு." கொஞ்ச நேரம் விரலால் மேசையைத் தட்டினார். "யாரு வரைஞ்சது?"

"நான்தான் சார்."

"அப்ப ஆள் போடற வரைக்கும் நீங்களே கூடுதல் பொறுப்பா பாத்துக்குங்க."

இப்படித்தான் நான் பாதித் துணை இயக்குநர் ஆனேன். பேருந்துப் பிரிவின் தலைவர் எனக்கு வணக்கம் வைத்தார். வைத்த பிறகு யாருக்கு வைத்தோம் என்று யோசித்ததும் தெரிந்தது. பெல் அண்ணனுக்கு மட்டும் மனசே இல்லை. "பழைய ஆபீசர் கொஞ்சம் பரவால்லம்மா. மணியே அடிக்க மாட்டார்" என்றார். நானும் அடிக்கவில்லை. அடித்தால் வருவாரோ மாட்டாரோ என்று பயம்.

மேசையில் நாற்பத்தொரு கோப்புகள். ஒவ்வொன்றையும் இரண்டு முறை படித்துக் குறிப்பெடுத்து, நான்கு நாளில் நாற்பதில் கையெழுத்துப் போட்டேன். மிச்சம் இருந்தது அக்காவுடையது.

விதிப் புத்தகத்தில் தெளிவாக இருந்தது: சொந்தக்காரர்களின் காகிதத்தில் கையெழுத்துப் போடக்கூடாது. மாலை வகுப்பு ஆசிரியரிடம் கேட்டேன். "எழுதி வச்சிருக்கறத கேக்கறியா, நடக்கறத கேக்கறியா?" என்றார். இரண்டையும் கேட்டேன். அதற்குள் வகுப்பு முடிந்துவிட்டது.

ஞாயிறு வந்தது. அக்காவும் வந்தாள்.

"நாப்பது பேருக்கு போட்ட கை கூடப் பொறந்தவளுக்கு மட்டும் வலிக்குதோ?"

"நான் போட்டா நாளைக்கு யாராவது புகார் எழுதுவாங்கக்கா. ஆர்டரையே ரத்து பண்ணிடுவாங்க."

"எழுதினா எந்தக் கட்டத்துக்கு போகும்? உன் கட்டத்துக்குத்தானே வரும்? நீயே தூங்க வையேன்."

அத்தான் வாயில் குண்டூசிகளை வைத்துக்கொண்டு சிரிக்க முடியாமல் தவித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. குழந்தை மிஷின் காலை விட்டு ஒரு கையை எடுத்திருந்தது. அக்கா அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அன்று விதிப் புத்தகத்தை முதலிலிருந்து படித்தேன். பொறுப்பில் இருப்பவர் விடுப்பில் போனால், அன்று ஒரு நாளைக்குப் பக்கத்துக் கட்டத்துக்காரர் பார்ப்பார் என்று ஒரு வரி இருந்தது. என் பக்கத்துக் கட்டம் பண்டகசாலை அதிகாரி. முன்னால் எதை வைத்தாலும் கையெழுத்துப் போடுவார். ஒரு முறை அன்றைய செய்தித்தாளிலேயே போட்டிருக்கிறார். துறைக்கு நான் செய்யக்கூடிய ஒரே நல்ல காரியம் வராமல் இருப்பதுதான் என்று புரிந்தது.

வியாழக்கிழமை விடுப்பு எழுதிக் கொடுத்தேன். பெல் அண்ணன் கோப்பை மேலாக எடுத்து வைப்பதாகச் சொன்னார்.

வீட்டில் எனக்கு என்ன செய்வதென்றே தெரியவில்லை. தொலைபேசிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தேன். பதினொன்றரைக்கு மணி அடித்தது.

"போட்டுட்டாரும்மா! படிக்கக்கூட இல்ல. நான் வச்சிருந்த டீ டம்ளர் மூடியிலயும் போடப் பாத்தாரு, நான்தான் இழுத்துக்கிட்டேன். இயக்குநர் மேசைக்கு நானே கையோட தூக்கிட்டு போறேன்."

நான் கத்திய கத்தலில் அத்தான் மிஷினை நிறுத்தினார். சத்தம் நின்றதும் குழந்தை திடுக்கிட்டுத் திரும்பியது. மிஷின் காலை விட்டது. என்னைப் பார்த்து ஒன்று, இரண்டு, மூன்று அடி வைத்து, தொப்பென்று உட்கார்ந்தது.

நானும் அத்தானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அத்தான் குழந்தையைத் தூக்கிக்கொண்டுபோய் மறுபடி மிஷின் காலைப் பிடிக்க வைத்தார்.

வெள்ளிக்கிழமை அலுவலகத்தில் ஒரு சுற்றறிக்கை வந்தது. இணைப்புத் துணை இயக்குநர் மேசையில் நிலுவை இல்லை என்ற நிலை வந்தது பொறுப்பாளர் விடுப்பில் இருந்த நாளில்தான் என்பதை இயக்குநர் கவனித்திருந்தார். பிரிவுத் தலைவர்களும் மாதம் ஒரு நாள் இந்த முறையைப் பின்பற்றிப் பார்க்கவேண்டும் என்று கேட்டுக்கொள்ளப்பட்டார்கள். எல்லோரும் உடனே பின்பற்றினார்கள்.

சனிக்கிழமை மாலை அக்கா மாற்றல் ஆணையோடும் டிரங்குப் பெட்டியோடும் வந்து இறங்கினாள். வாசலில் செருப்பைக்கூடக் கழற்றாமல் மண்டியிட்டு, கழுத்தில் தொங்கிய விசிலை மெல்ல ஊதினாள். குழந்தை விசிலைப் பார்த்தது. மிஷினை விட்டது. நடந்தது.

"ஐயோ! ஏங்க! ஏண்டி! பாருங்க, நடக்குது! நான் வந்ததும் நடக்குது!"

"அட ஆமா!" என்றார் அத்தான். அவ்வளவு நன்றாக அவர் நடிப்பார் என்று எனக்குத் தெரியாது.

"இத்தன நாள் எனக்காகத்தான் காத்துட்டு இருந்திருக்கு பாரு" என்று அக்கா அழுதாள்.

என் குறிப்பேட்டில் வியாழக்கிழமைப் பக்கத்தில் 'விடுப்பு' என்று மட்டும்தான் இருந்தது. சனிக்கிழமைப் பக்கத்தில், 'மாலை ஐந்து இருபது. குழந்தை முதன்முதலாக நடந்தது. மூன்றடி' என்று எழுதி, ஸ்கேல் வைத்து அடிக்கோடு போட்டேன். அத்தான் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தார்.

"நாலுன்னு போடு" என்றார் மெதுவாக. "அவ நாலுன்னுதான் எண்ணினா."

மூன்றை அழித்துவிட்டு நான்கு என்று போட்டேன்.