மேம்பாலத்தில் நிறுத்திய கார்கள்

1

இந்தக் கதையை யாரும் எனக்குச் சொல்லவில்லை. வேளச்சேரி மேம்பாலத்தில் மழைக்குள் நின்று ஒட்டுக் கேட்டேன். கேட்டது பாதி, மீதி என் கைச்சரக்கு.

2

‘பள்ளிக்கரணைச் சதுப்பில் பூநாரைகள் கனவுபோல…’

(அடித்துவிட்டேன். கடன்பத்திரக் கதைக்குப் பூநாரை எதற்கு?)

மறுபடியும். அபிகாயில் பள்ளிக்கரணைக்காரி. அரசாங்கங்களுக்குக் கடன் கொடுக்கும் பெரிய வெளிநாட்டு நிதி நிறுவனத்தின் சென்னைக் கிளையில் வேலை. எந்த அரசின் இருபதாண்டுப் பத்திரத்தை வாங்கலாம் என்று அறிக்கை எழுதுவாள். அதில் ‘வெள்ள அபாயம்’ என்றொரு பகுதி உண்டு. பசுமை, பசுமை என்று முழங்கிய தலைமையகம் இந்த வருடம் மனசு மாறி, அதை எடுக்கச் சொல்லிவிட்டது.

3

டெனிஸ் அவளுடைய மேலாளர். (இருவருக்கும் ஒரே சர்ச். அங்கே ‘அண்ணா’, ஆபீசில் வெறும் ‘டெனிஸ்’.)

“அபி, ஃப்ளட் செக்‌ஷனைத் தூக்கிட்டு அஞ்சு மணிக்குள்ள சைன் பண்ணு.”

“கடன் கேக்குற ஊரே தண்ணிக்குள்ள போகப்போகுது டெனிஸ். மறைச்சிட்டு எப்படி சைன் பண்றது?”

“இப்ப யாரும்மா அதெல்லாம் கேக்குறா? பண்ணலேன்னா உன் வேலை போயிடும். என்னால காப்பாத்த முடியாது.”

டெனிஸை வில்லனாக்கப் பார்த்தேன். முறுக்கு மீசைகூட வைத்து…

(வேண்டாம். பாவம், நல்ல மனுஷன்.)

4

மூன்றரைக்கு மழை எச்சரிக்கை. ஆபீஸ் காலியானது.*

பாலத்தில் வரிசையாகக் கார்கள். கீழே சாலையும் சதுப்பும் ஒன்றாகிவிட, நாங்கள் எங்கேயோ மிதந்துகொண்டிருந்தோம். எனக்கு முன்னால் அபிகாயிலின் கார், அவள் மடியில் லேப்டாப். டெனிஸ் நனைந்தபடி வந்து கண்ணாடியைத் தட்டினார்.

“கொஞ்சம் தள்ளி நிறுத்தும்மா. என் வண்டியும் நிக்கட்டும். இந்தத் தடவை தண்ணி ரொம்ப ஏறுமாம்.”

“அண்ணா,” என்றாள். வேலை நேரத்தில் அப்படிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. “அபாயமே இல்லேன்னுதானே என்னை எழுதச் சொல்றீங்க? அப்புறம் ஏன் வண்டிய மேல ஏத்துறீங்க?”

டெனிஸ் தன் வண்டியைத் திரும்பிப் பார்த்தார்.

* மழை என்றதும் காரைப் பாலத்தில் ஏற்றுவது எங்கள் பக்கத்து வழக்கம். வீடு மூழ்கினாலும் வண்டி தப்பும்.

5

முடிவுகள்:

அ) பகுதியை நீக்கிக் கையெழுத்திடுகிறாள்.

ஆ) நீக்காமல் அனுப்புகிறாள்.

இ) “அப்படியே அனுப்புடா, நான் பார்த்துக்கறேன்” என்கிறார் டெனிஸ். (ரொம்ப இனிப்பு.)

எனக்கு ஆசை ‘ஆ’தான். ஆனால் போகப்போவது என் வேலை இல்லையே! வெட்கமாக இருக்கிறது.

ஐந்தாக இரண்டு நிமிடம். அவள் விரல் இன்னும் இறங்கவில்லை. நீங்களே முடித்துவிடுங்கள். எனக்குக் கை வரவில்லை, நானும் அங்கே வண்டியை நிறுத்தத்தான் போயிருந்தேன்.