கன்சோல் எடுத்த வீடியோ

“உட்காரு” என்றார் மாமா. சொன்ன விதத்திலேயே தெரிந்துவிட்டது, என்னை மூட்டை கட்டச் சொல்லப் போகிறார் என்று.

நான் அப்போதுதான் பயிற்சியிலிருந்து வந்திருந்தேன். விரல் இடுக்கிலெல்லாம் கிரீஸ். ஏசி மெக்கானிக் பயிற்சி. சம்பளம் கிடையாது, ஆனால் முடித்தால் வேலை நிச்சயம். அதுவரை எனக்கு இருக்கிற ஒரே இடம் அக்கா வீட்டின் பின்னறை, வாஷிங் மெஷினை ஒட்டிப் போட்ட கட்டில். அந்தக் கட்டில் போனால் பயிற்சியும் போச்சு. இது அக்காவின் கணவரான மாமாவுக்கும் நன்றாகத் தெரியும்.

மாமாவுக்கு ஒரு பெரிய கிடங்கின் கண்காணிப்பு அறையில் வேலை. பார்சல் கட்டுகிறவர்களில் யார் கொட்டாவி விடுகிறார்கள், யார் கழிவறைக்குப் போய் வர நேரமாகிறது என்று திரையில் பார்த்துக்கொண்டே இருப்பார். யாராவது சிக்கினால் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லும் பழக்கம் கிடையாது. எல்லோரையும் வரிசையாக நிற்க வைத்து, பெரிய திரையில் அந்தக் காட்சியைப் போட்டுக் காட்டுவார். கிடங்கில் அவருக்குப் பட்டப்பெயர் ‘ரீப்ளே’.

போன மாதம் அவர் வாங்கி வந்த புது வீடியோ கேம் கன்சோலை விளையாட்டுச் சாமான் என்று சொன்னால் அவருக்குக் கோபம் வரும். அதில் படம் பார்க்கலாம், பாட்டுக் கேட்கலாம், டிவியிலேயே வீடியோ கால் பேசலாம். எல்லாவற்றுக்கும் மேல், குடும்பத் தலைவர் என்று ஒரு கணக்கு உண்டு. வீட்டில் யார் என்ன பார்த்தார்கள், எவ்வளவு நேரம் விளையாடினார்கள் என்று அவர் போனுக்குத் தகவல் வந்துவிடும். மாமா சொக்கிப்போனது அதில்தான். தனக்கு ஒன்று, எனக்கு ஒன்று எனக் கணக்குத் தொடங்கினார். நண்பர் பட்டியலில் சொந்தக்காரர்களையும் ஆபீஸ் ஆட்களையும் அள்ளிப் போட்டார்.

“எனக்கும் ஒண்ணு போடுங்களேன்” என்று அக்கா கேட்டாள்.

“ராத்திரி பூரா லேப்ல நிக்கிற, பகல் பூரா தூங்குற. உனக்கெதுக்கு?” என்று முடித்துவிட்டார்.

அக்காவுக்கு ஆஸ்பத்திரியில் ரத்தப் பரிசோதனை வேலை. எப்போதும் இரவு ஷிப்ட்தான்.

இப்போது டிவி திரையில் பாதியை மாமாவின் அக்கா பெரியம்மணியின் முகம் அடைத்துக்கொண்டிருந்தது. விசாரணைக்குச் சாட்சி. டூட்டிக்குக் கிளம்பத் தயாராக என் அக்கா ஓரமாக நின்று தலை வாரிக்கொண்டிருந்தாள்.

“மாப்ள, பகல்ல நீ எங்க இருக்கே?”

“பயிற்சியில, மாமா.”

“பயிற்சியிலயாம். அக்கா, நல்லா கேக்குதா?”

“நீ கத்துற கத்துக்கு எங்க வீட்டு நாய்க்கே கேக்குது. மேல சொல்லு” என்றார் திரையிலிருந்த பெரியம்மணி.

மாமா போனை என் மூக்குக்கு நேரே நீட்டினார். “உன் கணக்குல காலையிலேர்ந்து மத்தியானம் வரைக்கும் ஆட்டம். ஒரு நாள் இல்ல, வாரம் பூரா! கடலுக்குள்ள இறங்கி பூதத்தைக் கொல்றியாம். இங்க என் சோத்தைத் தின்னுட்டு அங்க பூதம் கொல்றான் துரை!”

எனக்கு ஒன்றும் புரியவில்லை. நான் ஆடுவது கால்பந்து மட்டும், அதுவும் லீவு நாளில். என் கணக்குக்குப் பூட்டுப் போடவில்லை. கன்ட்ரோலரை யார் எடுத்தாலும் என் பெயரில்தான் திறக்கும்.

தற்செயலாக அக்காவைப் பார்த்தேன். சீப்பு பாதித் தலையில் நின்றிருந்தது.

பகல் பூரா தூங்குகிறாளாம்!

“ஆமா மாமா, நான்தான். கட் அடிச்சிட்டு வந்து ஆடினேன்” என்றேன்.

“டேய்…” என்று அக்கா ஆரம்பித்தாள்.

“நீ வாயை மூடு. உன் செல்லத்தாலதான் இவ்வளவும். நாளைக்குக் காலையில இவன் இங்க இருக்கக் கூடாது.”

“சரி மாமா.”

விஷயம் அத்தோடு முடிந்திருக்க வேண்டும். ஆனால் வெறும் ஒப்புதல் ரீப்ளேவுக்குப் போதுமா? கன்ட்ரோலரை எடுத்தார்.

“ஒத்துக்கிட்டான்ல, விடுங்களேன்” என்றாள் அக்கா.

“விடுறதாவது! ஒவ்வொரு பூதம் சாகும்போதும் கடைசி நிமிஷத்தை இந்த கன்சோலே வீடியோ எடுத்து வச்சுக்கும். கன்ட்ரோலர்லயே மைக் இருக்கு, குரலும் பதிவாகும். துரை எவ்வளவு குஷியா இருந்தாருன்னு எங்க அக்காவும் பாக்கட்டும்.”

“மாமா, வேணாம்.”

“பயமா இருக்கா? இருக்கணும்.” வீடியோ காலில் இருந்தபடியே திரையைப் பகிர்ந்து, கிளிப்பைத் தட்டினார்.

நீலக் கடல். எட்டுக் கையோடு ஒரு பூதம். ஈட்டி பாய்ந்தது. கூடவே, ஹால் அதிர என் அக்காவின் குரல்.

“வாங்க சார், வாங்க! காபி ஆறிடுச்சா? இந்தா! சட்டைக்கு இஸ்திரி போடலையா? இந்தா, இன்னொண்ணு! தூங்கிட்டே இருக்கேனா நான்? வாங்கிக்கோ! உங்க அக்கா என்ன சொன்னாங்க, என் சமையல்ல உப்பே இல்லையா? அவங்களுக்கும் சேர்த்து ரெண்டு!”

பூதம் கரகரவென்று சுருண்டு விழுந்தது. தங்கக் கோப்பை ஒன்று திரையில் சுழன்றது. அக்காவின் சிரிப்பு அது நின்ற பிறகும் கேட்டது. அவள் அப்படிச் சிரித்து நான் கேட்டு வருஷக்கணக்காகிவிட்டது.

மாமா எல்லாப் பொத்தானையும் அமுக்கினார். கிளிப் மறுபடி முதலிலிருந்து ஓடியது.

“அதை நிறுத்துடா முதல்ல!” என்றார் பெரியம்மணி. “ஆமா, உப்பைப் பத்தி உன்கிட்ட ரகசியமாத்தானே சொன்னேன்? அவளுக்கு எப்படிடா தெரியும்?”

மாமா அதைக் கவனிக்கவில்லை. முகம் செங்கல் நிறமாகியிருந்தது. “என்னையாடி பூதம்ங்கிற?”

அக்கா அவர் கையிலிருந்து கன்ட்ரோலரை உருவிக்கொண்டாள். “பூதத்தைத்தான் பூதம்னேன். அது பாவம், ஒரு நாள்கூட என்கிட்ட காபி கேட்டதில்ல.”

“போ வெளிய! அவனையும் கூட்டிட்டுப் போ!”

அக்கா அசையவில்லை. வீடியோவுக்குக் கீழே ‘பகிர்’ என்று இருந்ததைத் தட்டினாள். மாமாவின் நண்பர் பட்டியல் விரிந்தது.

“உங்க மேனேஜர் ஆன்லைன்லதான் இருக்காரு. பச்சைப் புள்ளி தெரியுது பாருங்க. படம் பாத்துட்டிருக்காராம். பேக்கிங் செக்‌ஷன் ஆளுங்க பாதிப் பேரு இருக்காங்க. எல்லாருக்கும் ஒரே தட்டுல போயிடும்.”

“ஏய்… ஏய், கையை எடு.”

“இது சின்ன கிளிப்புங்க. உங்க குறட்டையை நான் செஞ்சு காட்டினது வேற ஒண்ணுல இருக்கு. நீங்க கண்ணாடி முன்னாடி நின்னு மேனேஜர் மாதிரி பேசிப் பாப்பீங்களே, அதுவும் இருக்கு.”

மாமாவின் கண் அந்தப் பச்சைப் புள்ளியிலேயே ஒட்டிக்கொண்டது. நாளைக் காலை கிடங்கின் பெரிய திரையில் யார் ஓடப் போகிறார் என்று கணக்குப் போட்டிருப்பார்.

“என்ன வேணும் உனக்கு?”

“தம்பி பயிற்சி முடியிற வரைக்கும் இங்கதான் இருப்பான். உங்க அக்கா கேக்குற மாதிரி சொல்லுங்க.”

“சொல்லித் தொலைடா, நம்ம மானம் போகுது” என்றார் பெரியம்மணி.

மாமா தரையைப் பார்த்தார். “இருக்கட்டும்.”

“யாரு?”

“அவன்தான். பயிற்சி முடியிற வரைக்கும்.” ஒவ்வொரு சொல்லையும் பல் பிடுங்குவதுபோல வெளியே எடுத்தார்.

பெரியம்மணி சொல்லிக்கொள்ளாமலேயே இணைப்பைத் துண்டித்தார்.

அக்கா பட்டியலை மூடினாள். ஆனால் எதையும் அழிக்கவில்லை. கன்ட்ரோலரைச் சாப்பாட்டு டப்பாவோடு சேர்த்துக் கைப்பையில் போட்டு ஜிப்பை இழுத்தாள். அவள் செருப்பு மாட்டும்போது மாமா கேட்டார். “மொத்தம் எத்தனை இருக்கு?”

“எண்ணலைங்க” என்றாள் அக்கா. கதவு சாத்திக்கொண்டது.

ஹாலில் நாங்கள் இரண்டு பேர். மாமா கன்சோலின் முன்னும் பின்னும் தடவிப் பார்த்தார், வயரைப் பிடுங்கினார், திரும்பச் செருகினார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டார். இத்தனை மாதத்தில் அவர் என்னிடம் அவ்வளவு பணிவாகப் பேசியதே இல்லை.

“மாப்ள, இதுல வீடியோவை எப்படிப்பா அழிக்கிறது?”

நான் பின்னறைக் கதவில் கை வைத்தபடி சொன்னேன்.

“பயிற்சியில அதைச் சொல்லித் தரல மாமா.”