கேரவன் வாங்கிய செலவு

இராஜமாணிக்கம் கேரவன் வாங்கியதற்கு வெளியே சொன்ன காரணம் ஒன்று, உள்ளே இருந்த காரணம் வேறு. வெளியே சொன்னது மனைவி பாப்பம்மாளின் மூச்சு. தில்லிக் குளிர்காலம் அவளுக்கு ஆகாது. நவம்பர் பிறந்தால் நெஞ்சு அடைத்துக்கொள்ளும். நாலு படி ஏறுவதற்குள் நின்று சுவரைப் பிடித்துக்கொள்வாள். குளிர்காலத்தில் இந்த ஊரிலேயே இருக்காதீர்கள், மாத்திரையைவிட அதுதான் முக்கியம் என்று டாக்டர் வருடா வருடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

பாப்பம்மாள் கேரவன் கேட்கவில்லை. அவள் கேட்டதெல்லாம் கோயமுத்தூரில் அவள் அக்கா வீட்டுக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு வாடகை வீடு. “நாலு மாசம் அங்க இருந்துட்டு வெயிலு வந்ததும் வந்தர்லாமுங்க,” என்றாள். இதைப் பேராசை என்று யாரும் சொல்ல முடியாது.

ஆனால் இராஜமாணிக்கத்துக்குத் தில்லியை விட மனசில்லை. மத்திய அரசு அலுவலகத்தில் குமாஸ்தாவாகச் சேர்ந்து செக்‌ஷன் ஆபீசராக ஓய்வு பெற்றவர். ஆர்.கே.புரம் குவார்ட்டர்ஸைக் காலி செய்து முனிர்காவில் வாடகைக்குப் போன பிறகும் தினம் காலையில் மலை மந்திர் முருகன் கோயில் வரைக்கும் நடப்பார். அங்கே டீக்கடையில் அவருக்காக நாலு பேர் காத்திருப்பார்கள். கார்த்திகை விழாவுக்கு யாரைக் கூப்பிடுவது, சாப்பாட்டை யாரிடம் ஒப்படைப்பது எல்லாமே அவரைக் கேட்டுத்தான் நடக்கும். கோயமுத்தூரில் அவர் யார்? பெண்டாட்டியின் அக்கா வீட்டுக்குப் பக்கத்தில் குடியிருக்கும் ஒரு பென்ஷன்காரர், அவ்வளவுதான். இந்த எண்ணத்தை அவர் தனக்குத்தானே கூடச் சொல்லிக்கொண்டதில்லை.

“ஏம்புள்ள, ஒரே எடத்துல போய் அடைஞ்சு கெடக்கறதுக்கா நான் ரிட்டயர்டு ஆனேன்? வூட்டையே சக்கரத்து மேல வெச்சுக் கொண்டாறேன் பாரு,” என்றார்.

“உங்களுக்கு எது தோதோ அதைச் செய்யுங்க,” என்றாள் பாப்பம்மாள். அவள் அப்படிச் சொன்னால் சம்மதம் என்று அர்த்தமில்லை. அது அவருக்கு நன்றாகவே தெரியும். தெரியாத மாதிரி இருந்துகொண்டார்.

குர்காவ்ன் பையன் ஒருவன் குழந்தை பிறந்துவிட்டதென்று தன் கேரவனை விற்றான். படுக்கை, கேஸ் அடுப்பு, ஃபிரிட்ஜ், பக்கவாட்டில் திரும்பித்தான் நுழைய முடியும் என்றாலும் ஒரு கழிவறை, எல்லாம் இருந்தது. பதினெட்டு லட்சம். ஓய்வுபெற்றபோது வந்த பணத்தில் பெரும்பகுதி அதோடு போயிற்று. டீசல் வண்டிக்குத் தில்லியில் பத்து வருடம்தான் ஆயுள் என்பதை அவர் மறக்கவில்லை. இன்னும் ஐந்து வருடம் மீதி இருக்கிறது, போதும் என்று கணக்குப் போட்டார். புதுசு மாதிரி இருக்கிற வண்டியை அவன் ஏன் இவ்வளவு மலிவாகத் தள்ளிவிடுகிறான் என்று மட்டும் கேட்கவில்லை. மலிவாகக் கிடைக்கும்போது யார்தான் கேட்கிறார்கள்?

வாங்கிய விலையோடு முடிந்தது என்று நினைப்பவர்கள் கேரவன் பக்கமே போகக் கூடாது. முனிர்காச் சந்துக்குள் அது நுழையவே நுழையாது. ஒரு ஜாட் கிழவரின் காலி மனையில் நிறுத்த மாதம் எட்டாயிரம். இன்சூரன்ஸ் அறுபதாயிரத்தைத் தொட்டது. ஓடாமல் நின்றால் பேட்டரி இறங்கிவிடுமென்று வாரம் ஒருமுறை சும்மாவேனும் மெஹ்ரௌலி வரை ஓட்டிவிட்டு வரவேண்டும். லிட்டருக்கு எட்டு கிலோமீட்டர்கூட அது கொடுக்கவில்லை. எலி புகுந்து வயரைக் கடித்தது. மழையில் கூரை ஒழுகி மெத்தை நாறியது. ஒவ்வொரு தடவையும் “இதுதான் கடைசி,” என்பார். வீட்டு வாடகையைவிட வண்டிக்குத்தான் அதிகம் போகிறது என்று மகள் வைஷ்ணவி சொன்னபோது அவள் குர்காவ்ன் வேலையையும் சம்பளத்தையும் பற்றி ஏதோ சொல்லி வாயை அடைத்தார்.

முதல் குளிர்காலம் நன்றாகவே போனது, அதையும் சொல்லத்தான் வேண்டும். அக்டோபரிலேயே கிளம்பிவிட்டார்கள். உதயப்பூரில் ஏரிக்கரைப் படிகளில் பாப்பம்மாள் எங்கும் நிற்காமல் ஏறி மேலே போய்த் திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். அவர் போட்டோ எடுத்து நண்பர்கள் குரூப்பில் போட்டார். அன்றைக்கு அவருக்கு இருந்த பெருமைக்கு அளவே இல்லை. பாப்பம்மாளுக்கும் சந்தோஷம்தான். ராத்திரி எங்கே நிறுத்துவது, தொட்டியை எங்கே காலி செய்வது, எந்த ஓட்டல்காரன் வாசலை விட்டு விரட்டுவான் என்ற கவலைகளை அவரிடமே விட்டுவிட்டாள்.

அடுத்த வருடம் செப்டம்பரில் ஆறு டயரும் மாற்ற வேண்டும், பிரேக் வேலையும் இருக்கிறது என்றான் மாயாபுரி மெக்கானிக். எல்லாம் சேர்ந்து ஒரு லட்சத்தை எட்டியது. கையில் அவ்வளவு இல்லை. அகவிலைப்படி பாக்கி வரும், வந்ததும் எடுத்துக்கொள்ளலாம் என்று வண்டியை ஒர்க்‌ஷாப்பிலேயே விட்டுவைத்தார். வைஷ்ணவியிடம் கேட்டிருக்கலாம். அவள் முகத்துக்கு நேரே தான் பேசிய பேச்சுக்கு அப்புறம் எப்படிக் கேட்பது?

அக்டோபர் போயிற்று. தீபாவளி போயிற்று. பாக்கி வந்து, வண்டியும் வந்து சேர்ந்தபோது எதிர்வீட்டு மாடி புகைக்குள் மங்கலாகத் தெரிந்தது. பாப்பம்மாள் ஆக்ஸிஜன் மெஷினைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தே தூங்கினாள். துணிமணிகளை மூட்டை கட்டினார்கள். நாளைக்குக் கிளம்ப வேண்டும் என்றிருந்தபோது செய்தி வந்தது: காற்று மோசமாகிவிட்டதால் பிஎஸ்-4 என்ற பழைய புகைத்தர டீசல் வண்டிகள் தில்லியிலும் குர்காவ்னிலும் ரோட்டில் ஓடக் கூடாது. மீறினால் இருபதாயிரம் அபராதம்.

வருடா வருடம் வருகிற உத்தரவுதான். வருடா வருடம் பேப்பரில் படித்திருக்கிறார். பஸ்ஸிலும் மெட்ரோவிலும் போய்வந்த மனிதருக்கு அந்த வரி தனக்காக எழுதியது என்று எப்போதும் தோன்றியதில்லை. ஆர்.சி. புத்தகத்தை எடுத்துப் பார்த்தார். பிஎஸ்-4 என்றுதான் இருந்தது. குர்காவ்ன் பையன் ஏன் மலிவாகக் கொடுத்தான் என்பது அப்போது புரிந்தது. புகையிலிருந்து ஓடுவதற்காக வாங்கிய வண்டி, புகை வந்தால் நகரக் கூடாது.

“ரெண்டு மூணு நாள்ல வாபஸ் வாங்கிருவாங்க,” என்றார்.

“ரயில்ல போயிரலாமுங்களா? அக்கா கூப்படறா.”

“சத் பூஜைக் கூட்டம். டிக்கெட் எங்க கெடைக்குது?” என்றார். அவர் தேடிப் பார்த்தது ஒரே ஒரு தடவை. கோயமுத்தூருக்கும் பீகார்க்காரர்கள் ஊருக்குப் போகிற சத் பூஜைக்கும் என்ன சம்பந்தம் என்று பாப்பம்மாள் கேட்கவில்லை. பதினெட்டு லட்சத்தைக் காலி மனையில் நிறுத்திவிட்டுக் கையில் பையோடு பெண்டாட்டியின் அக்கா வீட்டுப் படியேற அவருக்கு வெட்கமாக இருந்தது. அந்த வெட்கத்தைத்தான் அவர் டிக்கெட் இல்லை என்று சொன்னார்.

இரண்டு மூன்று நாள் ஒரு வாரமாயிற்று, ஒரு வாரம் தாண்டிற்று. தினம் சாயங்காலம் போனில் உத்தரவு மாறியிருக்கிறதா என்று பார்ப்பார். பாப்பம்மாள் பேச்சைக் குறைத்துக்கொண்டாள். ஆஸ்பத்திரியில் சேர்த்துவிடலாமா என்று கேட்டதற்கு, “அங்கயும் இதே காத்துதானுங்களே,” என்றாள்.

வைஷ்ணவி வந்து சத்தம் போட்டாள். “அப்பா, ஃபைன் எவ்ளோ? இருபதாயிரமா? நான் கட்டறேன். சலோ, இப்பவே கிளம்புங்க. அம்மா ஹாலத் தெரியலையா உங்களுக்கு?”

“பணத்தைப் பத்தி இல்லம்மா. போலீஸ் புடிச்சு நடுரோட்டுல நிறுத்தினான்னா? வண்டியை எடுத்துட்டுப் போய்ட்டான்னா? சர்வீஸ்ல ஒரு மெமோ வாங்காதவன் நான்.”

“மெமோவா முக்கியம்?”

போனை எடுத்து உத்தரவு மாறியிருக்கிறதா என்று பார்த்தார். அவருக்குப் பயம். அலுவலகத்தில் அடுத்தவர் மீறலை எல்லாம் எழுதி எழுதிக் கழித்த மனிதர், தன் பேர் அப்படி ஒரு தாளில் ஏறுவதை நினைத்துப் பார்க்கவும் தயாராயில்லை. பாப்பம்மாள் இருவரையும் பார்த்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள்.

ஒரு நாள் காலையில் அவள் உதடு நீலம் பாரித்திருந்தது. அதைப் பார்த்தபின்தான் அவருக்குப் பயம் இடம் மாறியது. மனைக்கு ஓடி வண்டியை மெயின் ரோட்டுக்குக் கொண்டுவந்து, அவரும் வைஷ்ணவியுமாக நாற்காலியோடு தூக்கி அவளை ஏற்றிப் படுக்கவைத்தார்கள். வேலையை முடித்துக்கொண்டு மறுநாள் ஜெய்ப்பூருக்கு வந்துவிடுவதாகச் சொல்லி வைஷ்ணவி இறங்கிக்கொண்டாள்.

குர்காவ்ன் எல்லையில் போலீஸார் கை காட்டினார்கள். ஓரம் கட்டினார். கான்ஸ்டபிள் ஆர்.சி.யைப் பார்த்தான், அவரைப் பார்த்தான். இராஜமாணிக்கம் வாய் குழறி, பீவி பீமார் ஹை, பீவி பீமார் ஹை, மனைவிக்கு உடம்பு சரியில்லை என்று இந்தியில் திரும்பத் திரும்பச் சொன்னார். அவன் பின்பக்கக் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தான். பாப்பம்மாள் பக்கத்தில் ஆக்ஸிஜன் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. ஆர்.சி.யைத் திருப்பிக் கொடுத்தான்.

“இப்படி இருப்பவரை நாங்கள் ஏன் தடுக்கப்போகிறோம், அங்கிள்? போங்க, ஜல்தி போங்க,” என்று இந்தியில் சொன்னவன், கதவைச் சாத்துவதற்கு முன்னால் கேட்டான்: “இவ்வளவு நாள் ஏன் கிளம்பவில்லை?”

பாப்பம்மாளுக்கு இந்தி நன்றாகத் தெரியும். கண்ணாடியில் பார்த்தார், அவள் கண் திறந்திருந்தது. அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. அப்புறம் ஜெய்ப்பூர் வரைக்கும் அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. நீம்ரானா தாண்டிப் புகை விலகி வானம் தெளிந்தபோது, “பாரு புள்ள, ஆகாசம்,” என்று சொல்ல வாயெடுத்து, சொல்லாமலேயே விட்டார்.

கோட்புத்லியைத் தாண்டியதும் மூச்சு இன்னும் மோசமாயிற்று. ஜெய்ப்பூரில் முதலில் கண்ட பெரிய ஆஸ்பத்திரிக்குள் வண்டியை விட்டார். எத்தனை நாளாக இப்படி என்று கேட்டாள் டாக்டர். “ரெண்டு நாளா,” என்றார். ஆக்ஸிஜன் முகமூடிக்குள்ளிருந்து பாப்பம்மாள் இல்லையென்று தலையசைத்தாள். டாக்டர் அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு எதையோ எழுதிக்கொண்டாள். நுரையீரல் ரொம்ப நாளாகச் சிரமப்பட்டிருக்கிறது, எதுவும் சொல்வதற்கில்லை, பக்கத்திலேயே இருங்கள் என்றாள்.

அவர் பக்கத்திலேயே இருந்தார். ராத்திரி முழுக்க இருந்தார். மறுநாள் மத்தியானம் அவள் கை மெல்ல அசைந்து போர்வை மேல் எதையோ தேடியது. அவர் அதைப் பிடித்துக்கொண்டார். அவள் இழுத்துக்கொள்ளவில்லை. சொல்ல வேண்டியது எல்லாம் நெஞ்சில் முட்டிக்கொண்டு நின்றது. “பாப்பு,” என்று ஆரம்பித்தார்.

வார்டு வாசலில் செக்யூரிட்டி வந்து நின்றான். தில்லி நம்பர், வெள்ளை கேரவன், யாருடையது? ஆம்புலன்ஸ் வழியில் நிற்கிறது, உடனே எடுக்காவிட்டால் கிரேன் வைத்துத் தூக்கிவிடுவார்கள்.

“ரெண்டு நிமிஷம் புள்ள, வந்தர்றேன்,” என்று கையை விட்டுவிட்டு ஓடினார்.

ஆம்புலன்ஸ் டிரைவர் திட்டத் திட்ட வண்டியை வெளியே எடுத்தார். ஆஸ்பத்திரி பார்க்கிங்கில் உயரம் இடித்தது. பக்கத்துத் தெருவில் கடைக்காரர்கள் விரட்டினார்கள். அதற்கு அடுத்த தெரு ஒருவழி. திருப்ப இடமில்லாமல் சுற்றிச் சுற்றிக் கடைசியில் எங்கோ ஒரு கல்யாண மண்டபத்து மைதானத்தில் காவல்காரனிடம் கெஞ்சி ஐந்நூறு ரூபாய் கொடுத்து நிறுத்தினார். ஆட்டோ கிடைக்காமல் பாதி தூரம் ஓடியும் பாதி தூரம் நடந்தும் வந்தார்.

வைஷ்ணவி வந்திருந்தாள். கட்டில் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். பாப்பம்மாளின் முகத்திலிருந்து முகமூடியைக் கழற்றியிருந்தார்கள். மெஷின் சத்தம் இல்லை.

“எங்க போனீங்கப்பா?” என்றாள் வைஷ்ணவி. அவள் அழவில்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள். “அம்மா உங்களைக் கேட்டுட்டே இருந்தாங்களாம். நர்ஸ் சொல்றா.”

“வண்டி நிறுத்த எடங் கெடைக்கல கண்ணு,” என்றார் இராஜமாணிக்கம்.