கீழறைக்கு ஒரு தரை

கொழும்பை அடுத்த தெஹிவளையில் ஒரு டைல்ஸ் கடைக்குள் நிலாம் முழங்காலில் நின்றுகொண்டிருந்தார். அறுபத்து மூன்று வயது மனிதர் பட்டப்பகலில் கடைத்தரையில் மண்டியிட்டு நின்றால் பார்க்கிறவர்களுக்குச் சிரிப்புத்தான் வரும். வந்தால் வரட்டும். மாதிரிக்கு விரித்திருந்த டைல்ஸில் உடம்புப் பாரத்தை ஊன்றிப் பார்த்தார். தொழுகையில் நெற்றியை நிலத்தில் வைக்க சுஜூதுக்குப் போகிற மாதிரி உள்ளங்கைகளையும் வைத்துப் பார்த்தார். ஐஸ் கட்டியைத் தொட்டது போல் சில்லென்றது. இது சரிவராது என்று எழும்பி அடுத்ததற்கு நகர்ந்தார்.

அவருடைய மனைவி ஷபீகாவுக்குப் பொறுமை போய்விட்டது. கைப்பையை அக்குளில் இடுக்கிக்கொண்டு, வாசலோரம் சாய்த்து வைத்திருந்த மலிவான மினுமினுப்பு டைல்ஸைக் காட்டினாள்.

"இதையே போடுவோமே. வாடகைக்கு வாற ஆக்களுக்கு இது போதும்."

நிலாம் கேளாதது போல் இருந்தார். இந்த ஒன்றரை மாதமாக அவருக்குக் கைவந்த ஒரே வித்தை அதுதான்.

வெள்ளவத்தையில் கடற்பக்கம் சரிந்து இறங்கும் ஒழுங்கையில் இருந்தது அவர்களுடைய வீடு. முன்வாசல் ரோட்டு மட்டம். பின்னால் ஒரு தளம் நிலத்துக்குக் கீழே. கீழறை என்றுதான் பெயர், இருபத்தெட்டு வருஷமாக அதில் குடியிருந்தவை உடைந்த கதிரைகளும் பழைய மெத்தைகளும். கடலின் உப்பு ஈரம் சுவரில் ஏறி, சுண்ணாம்பு பொருக்குப் பொருக்காக உதிர்ந்துகொண்டிருந்தது. மகள் அர்பாவுக்கு அடுத்த மாதம் நிக்காஹ். வீட்டை அவள் பேருக்கு எழுதியாகிவிட்டது. ஊர் வழக்கப்படி மாப்பிள்ளை இங்கேதான் வந்து இருப்பார். இவ்வளவும் ஷபீகாவுக்குத் தெரியும், சந்தோஷமும்தான். தாங்கள் மேலேயே பின்னறையில் இருந்துகொள்வோம், கீழறையைத் திருத்தி வாடகைக்குக் கொடுப்போம் என்பது அவளுடைய நினைப்பு.

அந்த நினைப்பில்தான் நிலாம் மண்ணைப் போட்டிருந்தார். கலியாணப் பேச்சு நடந்த அன்று ஆம்பிளைகள் முன் ஹோலில், பொம்பிளைகள் உள்ளே. மாப்பிள்ளையின் வாப்பா ராசிக் ஹாஜியார் தேநீர்க் கோப்பையை வைத்துவிட்டு, "புதுசா முடிக்கிற புள்ளைகள், கொஞ்சம் தனிய ஈந்தா நல்லம்" என்று பொதுவாகத்தான் சொன்னார். நிலாமை யார் கேட்டது? "ஓ ஓ, நாங்க ரெண்டு பேரும் கீழ போற. மேல முழுக்க அவங்களுக்குத்தான்" என்று முந்திரிக்கொட்டையாகச் சொல்லிவிட்டார். ஹாஜியார் எழும்பி வந்து கட்டித் தழுவினார். சபை முழுக்க "மாஷா அல்லாஹ்" என்றது. அந்த ஒரு நிமிஷப் பெருமைக்காக மனைவியின் அறையைத் தூக்கிக் கொடுத்த விசரன் நான்தான் என்று, அதற்குப் பிறகு தொழுகைப் பாயில் இருக்கிற நேரமெல்லாம் தன்னைத் தானே ஏசிக்கொண்டார். ஆனால் அவளிடம் சொல்ல வாய் வரவில்லை.

கடையில் வேலை செய்யும் ஜீவராஜ் அவர்கள் பக்கம் வந்தான். மலையகத்து ஹட்டன் பக்கத்துப் பேச்சு, நல்ல பணிவு.

"சார், பேஸ்மெண்டுன்னு சொன்னீங்க. ஈரம் ஏறுதா?"

"ஏறுது."

"அப்போ வினைலு வேணாம், உரிஞ்சிட்டு வந்துரும். பலகையும் ஊதிரும். முதல்ல ஈரத்துக்கு ஒரு பூச்சு அடிச்சுட்டு மேல டைல்ஸ்தான் நல்லது. அங்க யாரு சார் இருக்கப் போறாங்க?"

"வாடகைக்காரர்தான்" என்றாள் ஷபீகா.

"அப்ப மேடம் காட்டுனதே போதும் சார். வயசானவங்க இருந்தாதான் யோசிக்கணும். தண்ணி பட்டா அது வழுக்கும், காலுக்கும் குளிரு."

"அது வாணாம்" என்றார் நிலாம். குரல் தேவைக்கு மேல் உயர்ந்துவிட்டது. "வழுக்காத சாமான் காட்டுங்க. சொரசொரப்பா, குளிராத மாதிரி. முழங்கால் நோவுள்ள ஆளும் நடக்க ஏலணும்."

ஜீவராஜ் உள்ளே எடுக்கப் போனான். முழங்கால் நோவுக்காரி ஷபீகா கணவனைப் பார்த்தாள். முகத்தைப் பார்த்தாள், பிறகு தூசி படிந்திருந்த அவருடைய முழங்கால்களைப் பார்த்தாள். குதிரைப் பாய்ச்சலில் மனக்கணக்குப் போடுகிறவள் அவள்.

"வாடகைக்கு வாறவன்ட முழங்காலுக்கு நீங்க எனத்துக்கு இவ்வளவு பாடுபடுற?"

நிலாம் முழங்கால் தூசியைத் தட்டத் தொடங்கினார்.

"வாயத் தொறந்து செல்லுங்க."

"நாங்கதான், ஷபீகா. நாங்கதான் கீழ. ராசிக் ஹாஜியார்ட்ட செல்லிட்டன்."

"எப்ப?"

"பேச்சு முடிச்ச அண்டைக்கு."

வெளியே காலிக்குப் போகிற பெருவீதியில் ஒரு பஸ் விடாமல் ஹோன் அடித்தது. கத்துவாள், அழுவாள் என்று பயந்து அவர் நாலு பக்கமும் பார்த்தார். அவள் இரண்டும் செய்யவில்லை. அவருக்கு அதுதான் தாங்க முடியாமல் இருந்தது.

"எனக்கு ஏன் செல்லல்ல?"

"இண்டைக்கு செல்லுவம், நாளைக்கு செல்லுவமெண்டு ஈந்த. ஏசாதீங்க புள்ள."

"ஏசல்ல." அபாயாவைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு அவள் கீழே பார்த்தாள். "கீழ இறங்கிற படி எவ்வளவு ஒடுக்கம்? நடுவுல வளைவு வேற. மையத்து தூக்கிற சந்தூக்குப் பெட்டி அதில திரும்புமா?"

நிலாம் அறையை நாலு தரம் அளந்து காகிதத்தில் எழுதி சட்டைப் பையில் வைத்திருந்தார். படியை ஒரு தரமும் அளக்கவில்லை.

"அல்லாட காவல், எனத்த பேசுற நீங்க?"

"கேக்கத்தானே வேணும். நீங்க போனாலும் நான் போனாலும், எப்படி மேல கொண்டு வாற? யார்ட வீட்டால வெளிய எடுக்கிற?"

ஜீவராஜ் சாம்பல் நிறத்தில் ஒரு பெரிய டைல்ஸைத் தூக்கி வந்து சுவரோரமாக அவர்களுக்கு நடுவில் படுக்க வைத்தான். வாடிக்கையாளர்களுக்கு வழக்கமாகக் காட்டுகிற மாதிரி போத்தலிலிருந்து அதன்மேல் தண்ணீரை ஊற்றினான்.

"ஏறிப் பாருங்க சார், எண்ணெய் ஊத்துனாலும் வழுக்காது."

நிலாம் அசையவில்லை. ஷபீகா செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தாள். சுவரைப் பிடித்துக்கொண்டு, முதலில் நோகிற காலையும் பிறகு மற்றக் காலையும் எடுத்து அதன்மேல் வைத்து நின்றாள். அபாயாவின் கரை தண்ணீரைக் குடிக்க, ஈரம் மேலே ஏறியது. அவர் கையை நீட்டினார். அவள் சுவரை விடவில்லை.